மயக்க மருந்து யாருக்கு எவ்வளவு தேவை என்று செல் சவ்வைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிய வெகுநேரம் ஆனது. இப்போது உங்களுக்கும் ஓர் அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. மயக்க மருந்துகள் செல் சவ்விலுள்ள கொழுப்பில் கரைந்துதான் வேலை செய்கின்றன என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் செல் சவ்வைச் சோதித்து, இவருக்கு இவ்வளவு மருந்து போதும், இவர் இத்தனை நிமிடத்தில் விழிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாதா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. ஏன் முடியாது என்பதை விளக்க 100 ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சியைக் கொஞ்சம் தொட்டாக வேண்டும். உங்கள் அம்மாவின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உங்களைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். நான் மயக்கவியல் மருத்துவன். இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் நோயாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் இது நல்ல கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் வில்லியம் மார்ட்டன் ஒரு நோயாளியை ஈதர் ஆவியை முகரவைத்து மயங்கச் செய்தார். அந்த நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுவை மருத்துவர் ஜான் வாரன் அகற்றினார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் குளோரோஃபார்ம் வந்தது, நைட்ரஸ் ஆக்சைடு புழக்கத்துக்கு வந்தது. பிறகு ஒரு பெரிய புதிர் முளைத்தது. இந்தப் பொருள்களின் வடிவத்தில் ஒற்றுமை எதுவும் இல்லை. 1951ஆம் ஆண்டு செனான் வாயுவைக் கொண்டு மனிதர்களுக்கு மயக்கம் கொடுத்துக் காட்டினார்கள். எந்தப் பொருளோடும் எளிதில் சேராத மந்த வாயு அது. உடலில் எதனோடும் வேதிப் பிணைப்பு ஏற்படுத்தாத ஒற்றை அணு, மனித நினைவை எப்படி அணைக்கிறது? 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் தொட்டாற்சிணுங்கிச் செடியை ஈதர் ஆவியில் வைத்துப் பார்த்திருந்தார். தொட்டால் சுருங்க வேண்டிய இலைகள் விரிந்தபடியே இருந்தன. ஆவி விலகியதும் பழையபடி சுருங்கத் தொடங்கின. நரம்பே இல்லாத செடிக்கும் மயக்கம் உண்டு என்றால், இந்த மருந்து எல்லா உயிர்ச் செல்லுக்கும் பொதுவான ஏதோ ஒன்றைத் தொடுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். செல் சவ்வின் மேல் சந்தேகம் விழுந்தது இந்தப் பின்னணியில்தான்.

ஹான்ஸ் மேயர் 1899இலும் சார்லஸ் ஓவர்ட்டன் 1901இலும் தனித்தனியாக ஒரே விடையை எட்டினார்கள். தலைப்பிரட்டைகளைத் தண்ணீரில் நீந்தவிட்டு, எந்தப் பொருளை எவ்வளவு கலந்தால் அவை அசையாமல் நிற்கின்றன என்று அளந்தார்கள். அதே பொருள் எண்ணெயில் எவ்வளவு கரைகிறது என்றும் பார்த்தார்கள். எண்ணெயில் நன்றாகக் கரையும் பொருள் கொஞ்சம் இருந்தாலே மயக்கியது. கரையாத பொருள் நிறையத் தேவைப்பட்டது. இந்தக் கணக்கு இன்றைய மருந்துகளுக்கும் ஏறத்தாழப் பொருந்துகிறது. ஹாலோத்தேன் என்ற ஆவி மருந்து ஆலிவ் எண்ணெயில் வாயு நிலையைவிட 220 மடங்குக்கும் மேல் கரையும். சுவாசிக்கும் காற்றில் அது 0.75 சதவீதம் இருந்தால் போதும், பாதிப்பேர் கத்தி பட்டாலும் அசைய மாட்டார்கள். நைட்ரஸ் ஆக்சைடின் கரைதிறன் வெறும் 1.4தான். அதே விளைவுக்கு அது 104 சதவீதம் வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது நடக்காத காரியம். அதனால்தான் அது தனியாக முழு மயக்கம் தருவதில்லை, துணை மருந்தாகவே இருந்துவருகிறது. இரண்டிலும் கரைதிறனையும் தேவைப்படும் அளவையும் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே எண் வரும். கரைதிறனில் 150 மடங்கு வேறுபடும் இரண்டு பொருள்கள் ஒரே விடையைக் கொடுப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வால்களை உள்ளே நீட்டி நிற்கும் மெல்லிய படலம். மயக்க மருந்து இந்த வால்களுக்கு இடையில் புகுந்து சவ்வை உப்ப வைக்கிறது, இளக வைக்கிறது, அதனால் அதில் பதிந்திருக்கும், அயனிகளைக் கடத்தும் புரத வாய்க்கால்கள் சரியாகத் திறந்து மூட முடியாமல் போகின்றன என்பது பழைய கொள்கை. இதற்கு நல்ல சான்றுகளும் கிடைத்தன. மதுச்சாரத்தில் மயங்கிக் கிடந்த தலைப்பிரட்டைகளின் மேல் 100 மடங்குக்கும் அதிகமான காற்றழுத்தத்துக்கு நிகரான அழுத்தம் கொடுத்தபோது அவை மீண்டும் நீந்தின. உப்பிய சவ்வை அழுத்தம் பழைய அளவுக்குத் தள்ளிவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள். ரத்தச் சிவப்பணுக்களிலும் சோதனை நடந்தது. நீர்த்த உப்புக் கரைசலில் வெடித்துவிட வேண்டிய சிவப்பணு, சிறிதளவு மயக்க மருந்து சேர்த்தால் தாக்குப்பிடித்தது. அந்தப் பாதுகாப்பின் அளவும் மருந்தின் வலிமையோடு ஒத்துப்போனது. நீங்கள் கேட்ட ரத்தச் சோதனைக்கு மிக அருகில் வருவது இந்தச் சோதனைதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இந்தக் கொள்கையை ஆட்டம் காண வைத்தவற்றில் முதலாவது வெப்பநிலை. அறுவைச் சிகிச்சையில் பயன்படுத்தும் அளவு மருந்து சவ்வை எவ்வளவு இளக்குகிறதோ, ஏறக்குறைய அதே அளவு இளக்கத்தை உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே உண்டாக்கிவிடும். லேசான காய்ச்சலில் யாரும் மயங்கி விழுவதில்லை. இன்னும் சொல்லப்போனால் உடல் சூடேறும்போது மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படுகிறது, குளிரும்போது குறைவாகப் போதும். கொள்கை சொல்வதற்கு நேர் எதிர். இரண்டாவது, ஆல்கஹால்களின் வரிசை. கார்பன் சங்கிலி நீள நீள அவை எண்ணெயில் அதிகம் கரைகின்றன, மயக்கும் வலிமையும் கூடிக்கொண்டே போகிறது. 12 கார்பன் கொண்டது தலைப்பிரட்டையை மயக்குகிறது. ஒரு கார்பன் கூடுதலாக உள்ள அடுத்தது, இன்னும் நன்றாகக் கரைந்தும், மயக்குவதில்லை. கரைவது மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி ஓரிடத்தில் பட்டென்று நின்றுபோகாது. மருந்து போய் உட்காரும் இடத்துக்கு ஓர் அளவு இருக்கிறது, நீளமான மூலக்கூறு அதற்குள் அடங்கவில்லை என்று எடுத்துக்கொண்டால் சரியாகப் பொருந்துகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எடோமிடேட் என்ற மருந்தை ரத்த நாளம் வழியாகக் கொடுப்போம். அதன் மூலக்கூறுக்கு வலது கை, இடது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. எண்ணெயில் இரண்டும் ஒரே அளவுதான் கரையும். ஆனால் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வலிமையானது. எண்ணெய்க்கு இடம், வலம் தெரியாது. புரதத்துக்குத் தெரியும், கையுறைக்குத் தெரிவதுபோல.

1984இல் நிக்கோலஸ் ஃபிராங்ஸ், வில்லியம் லீப் இருவரும் மின்மினியை ஒளிரச் செய்யும் நொதியை எடுத்தார்கள். கொழுப்பு துளியும் இல்லாத, தண்ணீரில் கரைந்த தூய புரதம் அது. மயக்க மருந்து சேர்த்ததும் ஒளி மங்கியது. எந்த மருந்துக்கு எவ்வளவு செறிவு தேவைப்பட்டது என்று பார்த்தால், விலங்குகளை மயக்கத் தேவையான செறிவோடு அப்படியே ஒத்துப்போனது. மேயரும் ஓவர்ட்டனும் கண்ட ஒற்றுமை பொய்யாகிவிடவில்லை. புரதத்தின் உள்ளேயும் எண்ணெய் போன்ற, தண்ணீர் ஒட்டாத பொந்துகள் உண்டு. எண்ணெயில் கரையும் பொருள் அங்கேயும் போய் உட்காரும்.

அதன் பிறகு ஆராய்ச்சி, சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் பக்கம் திரும்பியது. இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு நாங்கள் முதலில் செலுத்துவது புரோபோஃபால். அதை ஒரு நிமிடம் கூர்ந்து பாருங்கள். ஊசிக் குழலில் பால் போல வெள்ளையாக இருக்கும். மருந்து வெள்ளை இல்லை. தண்ணீரில் கரையாத அந்த மருந்தைச் சோயா எண்ணெயில் கரைத்து, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பொருளால் நுண்துளிகளாகக் கலக்கியிருக்கிறார்கள். அதனால் அந்த நிறம். கையில் ஏறும்போது சிலருக்கு எரியும். பேசிக்கொண்டிருப்பவரின் குரல் தேயும், பெரும்பாலும் ஒரு கொட்டாவி வரும், இமை முடியை விரலால் மெல்லத் தடவினால் கண் சிமிட்டாது. இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடுகிறது. அந்தச் சிறிது நேரத்தில் மருந்து ரத்தத்திலிருந்து மூளைக்குப் போய், நரம்பணுச் சவ்வில் இருக்கும் காபா ஏற்பி என்ற வாய்க்காலின் பக்கவாட்டுப் பொந்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வாய்க்கால் கூடுதல் நேரம் திறந்திருக்கிறது, குளோரைடு அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பணு கிளர்ச்சியடைய மறுக்கிறது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த ஏற்பியின் ஒரு துணை அலகில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிய எலிகளைப் பயன்படுத்தினார்கள். அந்த எலிகளின் பின்னங்காலைக் கிள்ளினால், புரோபோஃபாலோ எடோமிடேட்டோ கொடுத்த பிறகும் காலை இழுத்துக்கொண்டன. ஆனால் ஆவியாகக் கொடுக்கும் மருந்துகளின் வலிமை அவற்றில் கொஞ்சம்தான் குறைந்தது. ஆவி மருந்துகளுக்கு வேறு இடங்களும் இருக்கின்றன. நரம்பணுவை அமைதியாக வைத்திருக்கும் சில பொட்டாசிய வாய்க்கால்களை அவை திறக்கின்றன. கீட்டமைன், நைட்ரஸ் ஆக்சைடு, செனான் மூன்றும் குளூட்டமேட் ஏற்பி ஒன்றை அடைக்கின்றன.

அப்படியானால் சவ்வின் கொழுப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை மீண்டும் அரங்குக்குக் கொண்டுவந்தது. சவ்வு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை, கொலஸ்டிரால் நிறைந்த சிறு சிறு திட்டுகள் அதில் மிதக்கின்றன. குளோரோஃபார்மும் ஐசோஃப்ளூரேன் என்ற ஆவி மருந்தும் அந்தத் திட்டுகளைக் கலைத்துவிடுகின்றன. திட்டுக்குள் அடைபட்டிருந்த ஒரு நொதி வெளியேறி வேறு கொழுப்புகளைச் சந்திக்கிறது, அதன் விளைபொருள் ஒரு பொட்டாசிய வாய்க்காலைத் திறக்கிறது. அந்த நொதி இல்லாத பழ ஈக்களை மயக்கக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. கொழுப்பா, புரதமா என்று ஒரு பக்கம் சாய்ந்து பேசுவது இனி சரிப்படாது என்பது என் கருத்து. வாய்க்கால் சவ்வில்தான் இருக்கிறது, சுற்றியுள்ள கொழுப்பின் அழுத்தத்தை அது ஒவ்வொரு கணமும் உணர்கிறது.

இப்போது உங்கள் ரத்தச் சோதனைக்கு வருகிறேன். எண்ணெய்க் கரைதிறன் விதியானாலும் சரி, சிவப்பணுச் சோதனையானாலும் சரி, அவை ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு ஒப்பிடுபவை. ஒரு மனிதரை இன்னொரு மனிதரோடு ஒப்பிடுபவை அல்ல. ஹாலோத்தேனுக்கும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் இடையே 150 மடங்கு வேறுபாடு இருக்கிறது. உங்கள் சவ்வுக்கும் என் சவ்வுக்கும் இடையே அப்படி எதுவும் இல்லை. செல் சவ்வின் கலவையை உடல் மிகக் கறாராகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. மேலும், சிவப்பணுவின் சவ்வில் மேற்சொன்ன நரம்பு வாய்க்கால்கள் இல்லை. அதைச் சோதித்து மூளையைப் பற்றிச் சொல்வது, வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று சொல்வது போலாகும்.

மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டை அளக்க எட்மண்ட் ஈகரும் அவருடைய கூட்டாளிகளும் 1960களில் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். தோலில் கத்தி வைக்கும்போது பாதிப்பேர் அசையாமல் இருக்க, வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதியில் எவ்வளவு சதவீதம் மருந்து இருக்க வேண்டும் என்பதே அது. நாங்கள் இதைச் சுருக்கமாக 'மேக்' என்போம். செவோஃப்ளூரேன் என்ற ஆவி மருந்துக்கு அது சுமார் 2 சதவீதம், டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொன்றுக்கு 6. வியப்பு என்னவென்றால், ஒரே வயதுள்ளவர்களிடையே இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. அதைப்போல 1.3 மடங்கு கொடுத்தால் 100க்கு 95 பேர் அசைய மாட்டார்கள். வேறெந்த மருந்திலும் இவ்வளவு குறுகிய இடைவெளியை நான் பார்த்ததில்லை.

இந்த எண்ணை நகர்த்துபவை நமக்குத் தெரிந்தவைதான். முதலிடம் வயதுக்கு. 40 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தேவை ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது, 80 வயதுக்காரருக்கு ஏறத்தாழக் கால் பங்கு குறைத்தே கொடுக்கிறோம். கர்ப்பிணிகளுக்குக் குறைவாகப் போதும். வலிநிவாரண ஓபியாய்டுகள் தேவையை வெகுவாகக் குறைக்கின்றன. நெடுங்காலமாக மது அருந்துபவர்களுக்குக் கூடுதலாக வேண்டும். மது உள்ளே இருக்கும் நிலையில் வருபவர்களுக்குக் குறைவாக. பிறவியிலேயே செம்முடி உள்ளவர்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்று 2004இல் வந்த ஒரு சிறிய ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. பின்னர் அதிகம் பேரை வைத்துப் பார்த்தபோது, அவர்கள் தெளிந்து எழும் நேரத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். உடல் அசையாமல் இருப்பதும் நினைவு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. கத்திக்கு உடல் அசைவதைத் தடுப்பது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிறது என்று 1993இல் விலங்குகளில் காட்டினார்கள். நினைவு அணைவதோ மூளையில், அதற்கு 'மேக்' அளவில் பாதிக்கும் குறைவாகவே போதும்.

ரத்த நாளம் வழியாகக் கொடுக்கும் மருந்துகளில் கதை வேறு. ஆவி மருந்தை மூச்சுக்கு மூச்சு கருவியில் அளந்து பார்க்கிறோம். புரோபோஃபால் மூளையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அப்படிப் பார்க்க வழியில்லை. வயது, எடை, உயரம் ஆகியவற்றை வைத்து, மருந்தைச் செலுத்தும் பம்ப்பில் உள்ள கணக்கு ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. ஆனால் இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது, கல்லீரல் எவ்வளவு வேகத்தில் மருந்தை அகற்றுகிறது, உடல் கொழுப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து உண்மையான அளவு கணக்கிலிருந்து நன்றாகவே விலகலாம். நம்மிடையே உள்ள பெரிய வேறுபாடுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. மருந்து சவ்வில் என்ன செய்கிறது என்பதைவிட, சவ்வு வரை எவ்வளவு வந்து சேர்கிறது என்பதில்.

அதனால் நாங்கள் முன்கணிப்போடு நின்றுவிடுவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிறது. புரோபோஃபால் ஏறியதும் அதில் பெரிய, மெதுவான அலைகளும், அவற்றின் மேல் நொடிக்குப் பத்து முறை அளவில் சீரான அலைகளும் தோன்றுகின்றன. மருந்து மிகுந்துபோனால் இடையிடையே கோடு தட்டையாகிவிடும். முதியவர்களுக்கு இது எளிதில் நேர்கிறது, கண்டதும் மருந்தைக் குறைப்போம். இந்த அலைகளை 0 முதல் 100 வரையான ஒற்றை எண்ணாகச் சுருக்கித் தரும் கருவிகளும் உண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கீட்டமைன் கொடுத்தால் நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதே எண் ஏறிவிடும். சிகிச்சையின் நடுவே விழித்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், தாமாகவே அப்படிச் சொன்னவர்கள் ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர்.

இனி மரபணு. இங்கேதான் உண்மையான முன்கணிப்பு இருக்கிறது. 1960இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் டென்பரோ என்ற மருத்துவரிடம் கால் முறிந்த ஓர் இளைஞர் வந்தார். அவருக்குக் காலைப் பற்றிய கவலையைவிட மயக்க மருந்தைப் பற்றிய பயமே அதிகமாக இருந்தது. அவருடைய உறவினர்களில் பத்துப் பேர் மயக்க மருந்துக்குப் பிறகு இறந்திருந்தார்கள். டென்பரோ அந்தப் பயத்தைத் தள்ளிவிடாமல் கேட்டுக்கொண்டார். ஹாலோத்தேன் கொடுத்ததும் இளைஞரின் உடல் கொதிக்கத் தொடங்கியது. உடனே மருந்தை நிறுத்தி, குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். இன்று அதன் காரணம் தெரியும், அதுவும் ஒரு சவ்வின் கதைதான். தசைச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் பையின் சவ்வில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதற்கான மரபணுவில் பிழை இருந்தால், ஆவி மருந்துகளோ சக்சமெத்தோனியம் என்ற தசைத் தளர்த்தியோ பட்டவுடன் வாய்க்கால் திறந்து மூடாமல் போகலாம். தசைகள் இறுகி, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். டான்ட்ரோலீன் என்ற மருந்து வந்த பிறகு இறப்புகள் பெருமளவு குறைந்தன. குடும்பத்தில் ஒருவருக்கு இது உண்டென்று முன்பே தெரிந்தால், புரோபோஃபால் போன்ற மாற்று மருந்துகளால் முழுப் பாதுகாப்போடு சிகிச்சை செய்துவிடலாம்.

இப்போது உங்கள் அம்மா. தாமதமாகத் தெளிவதற்கு மிகச் சாதாரணமான காரணங்கள் நிறைய உண்டு. நீண்ட நேரம் நடந்த சிகிச்சை, உடல் குளிர்ந்துபோனது, வயது, சர்க்கரையின் அளவு குறைந்தது, சிறுநீரகமோ கல்லீரலோ மெதுவாக வேலை செய்வது, வலிநிவாரணி சற்று அதிகமானது. மயங்கும் பாதையும் தெளியும் பாதையும் மூளையில் ஒன்றே அல்ல என்பதும் உண்மை. விழிப்புக்கு உதவும் ஒரெக்சின் நரம்பணுக்கள் இல்லாத எலிகள் மற்ற எலிகளைப் போலவே மயங்கின, ஆனால் தெளிய அதிக நேரம் எடுத்துக்கொண்டன. இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை உங்களுக்கு அப்படியே வந்து சேர்பவை அல்ல.

வரக்கூடியது ஒன்று உண்டு. சக்சமெத்தோனியத்தை ரத்தத்திலுள்ள ஒரு நொதி சில நிமிடங்களில் சிதைத்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே சரியாக இல்லாதவர்களுக்குத் தசைகள் மணிக்கணக்கில் தளர்ந்தே கிடக்கும், தாமாக மூச்சுவிட முடியாது. மற்றபடி அவர்கள் முழு ஆரோக்கியமானவர்கள், இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாமல் வாழ்ந்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும் குடும்பத்துக்கு இது 'மயக்கம் தெளியவில்லை' என்றுதான் தெரியும். இதைக் கண்டுபிடிக்கத்தான் எளிய ரத்தச் சோதனை இருக்கிறது. நீங்கள் கேட்ட சோதனைக்கு நிஜத்தில் மிக நெருங்கியது இது.

ஆகவே அம்மாவிடமும், அப்போது உடன் இருந்தவர்களிடமும் கேளுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு மூச்சுக் குழாயை எடுக்காமல் அவரைச் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தார்களா? கடுமையான காய்ச்சலோ தசை இறுக்கமோ வந்ததாக யாராவது சொன்னார்களா? ரத்த உறவில் வேறு யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் நேர்ந்ததுண்டா? மருத்துவமனை கொடுத்த வெளியேற்றச் சீட்டும் மயக்க மருந்துப் பதிவுத் தாளும் பழைய காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தால், எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே எடுத்துப்போங்கள். சிகிச்சை நாளின் காலையில் அவசரத்தில் காட்டாமல், சில நாள் முன்னதாக நடக்கும் மயக்கவியல் பரிசோதனையின்போதே காட்டிவிடுங்கள். நொதிச் சோதனையின் முடிவு வர அந்த அவகாசம் தேவைப்படும்.